இடுப்பு இல்லாத சட்டையும் ஒரு அளவு பிளவுஸும்

1. டாட் வேண்டாமாம்

பிளவுஸ் தைச்சே பேர் வாங்கின ஒருத்திகிட்ட வந்து, "இடுப்பு வேண்டாம், மார்பு வேண்டாம், தோள்ல இருந்து நேரா கீழ விழுற மாதிரி எட்டு சட்டை தைச்சுக் குடுங்க"ன்னு சொன்னா அவளுக்கு எப்படி இருக்கும்? உப்பு புளி காரம் எதுவும் போடாம குழம்பு வைன்னு சமையக்காரர்கிட்ட சொன்ன மாதிரி இருக்கும். எனக்கு அன்னைக்கு அப்படித்தான் இருந்துச்சு.

சொன்னவங்க பேரு ஹெலன். ஹைஸ்கூல்ல சரித்திர டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவங்க. இப்ப எங்க ஏரியாவுல ஒரு நாடகக் குழுவை நடத்துறாங்க. வேலைக்குப் போறவங்க, ரிட்டயர் ஆனவங்க, வீட்டுல இருக்கிறவங்கன்னு யார் வேணா அதுல சேரலாம். அந்த வருஷம் அவங்க எடுத்துக்கிட்டது அமெரிக்காவோட ஜாஸ் காலம். முதல் உலகப் போர் முடிஞ்சு, ஊரே ஆட்டமும் பாட்டுமா இருந்த பத்து வருஷம். பாட்டு, டான்ஸ், நடுநடுவுல சின்னச் சின்ன காட்சி. டான்ஸ் ஆடுற எட்டுப் பொம்பளைங்களுக்கு அந்தக் காலத்துச் சட்டை வேணும்னு என்னைத் தேடி கிளென் ஈடனுக்கு வந்தாங்க.

ஆக்லாந்து கிளென் ஈடன்ல எங்க வீட்டு கராஜ்தான் என் கடை. நியூசிலாந்துக்கு வந்த புதுசுல வெஸ்ட்கேட்ல ஒரு ஆல்டரேஷன் கடையில இருந்தேன். நாள் முழுக்க பேன்ட்டுக்கு ஹெம் அடிக்கிறது, ஜிப் மாத்துறது. கையில தொழில் இருந்தும் அதுக்கு வேலையே இல்ல. அப்புறம் நம்ம ஆளுங்க பெருகப் பெருக பிளவுஸ் ஆர்டர் வர ஆரம்பிச்சுது. காரை வெளிய நிறுத்தச் சொல்லிட்டு கராஜ்ல மெஷினைப் போட்டேன். என் வீட்டுக்காரருக்கு அந்தக் கோபம் இன்னும் முழுசா தீரல. இப்ப எனக்குக் கண்ணு முன்ன மாதிரி இல்ல, பெரும்பாலும் கட்டிங் மட்டும் நான், முக்கியமான தையல்னா நானே உக்காருவேன். மத்ததை ரெண்டு பொண்ணுங்க பாக்குறாங்க. அவங்க மாதிரி இந்தத் தொழிலுக்கு வர்றவங்களுக்காகத்தான் இதை எழுதுறேன்.

ஹெலன் போன்ல படம் காட்டினாங்க. பாத்ததும் தலையில அடிச்சுக்கலாம்னு இருந்துச்சு. இடுப்பு இருக்க வேண்டிய இடத்துல ஒண்ணும் இல்ல. இடுப்புக் கோடு கீழ இறங்கி தொடைகிட்ட நிக்குது. கை கிடையாது. முழங்காலுக்குக் கீழ குஞ்சம் தொங்குது. உரச்சாக்குல தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்ட மாதிரி இருந்துச்சு. எனக்குத் தையல் சொல்லிக் குடுத்த ஈரோட்டு மாஸ்டர் இதைப் பாத்திருந்தா கத்தரிக்கோலைக் கீழ வைச்சுட்டு டீ குடிக்கப் போயிருப்பாரு.

சரி, படத்துல இருக்கறது தைக்கத் தெரியாதவங்க தைச்சதுன்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். சாம்பிளுக்கு ஒண்ணு தைச்சேன். முன்பக்கம் அழகா ரெண்டு டாட் பிடிச்சு, அதாவது மார்பு எடுப்பா நிக்கத் துணியை மடிச்சுத் தைச்சு, சைடுல லேசா வளைச்சு, போட்டா உடம்போட உக்கார்ற மாதிரி. ஹெலன் வந்து பாத்தாங்க. டாட்டை விரலால தடவிப் பாத்தாங்க. அப்புறம் சிரிச்சிட்டாங்க. பேச்செல்லாம் இங்கிலீஷ்தான், நான் தமிழ்ல எழுதுறேன்.

"செல்வி, ரொம்ப அழகா இருக்கு. ஆனா இந்தச் சட்டையில மார்பு இருக்கே."

"மார்பு இருக்கிறவங்களுக்குத்தானே தைக்கிறேன்."

"அதான் இல்ல. அந்தக் காலத்துப் பொண்ணுங்க அதை வேண்டாம்னாங்க."

எனக்குப் புரியல. டீ போட்டுக் குடுத்து ஸ்டூல்ல உக்கார வைச்சேன். டீச்சர் புத்தி எங்க போகும், பாடம் ஆரம்பிச்சுட்டாங்க. அதுக்கு முந்தின தலைமுறைப் பொம்பளைங்க எலும்பும் கம்பியும் வைச்ச உள்சட்டையைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டிக்கிட்டுத்தான் வெளிய வருவாங்களாம். மூச்சு விட முடியாது, குனிய முடியாது. போர் வந்துச்சு. ஆம்பளைங்க போனாங்க, பொம்பளைங்க ஃபாக்டரிக்கும் ஆபீசுக்கும் போனாங்க. போர் முடிஞ்சப்ப கையில சொந்தச் சம்பளம், அடுத்தாப்பல ஓட்டு. திரும்ப அந்தக் கயித்துக்குள்ள போக அவங்க தயாரா இல்ல. முடியைக் கழுத்தளவு வெட்டினாங்க. பாவாடையை உயர்த்தினாங்க. கார் ஓட்டினாங்க. நெஞ்சைத் துணி வைச்சு அமுக்கிக் கட்டி, பையன் மாதிரி தட்டையா இருக்கறதுதான் அழகுன்னாங்க. அம்மாமாரும் பாதிரியாரும் திட்டினாங்க. சில ஊர்ல பாவாடை எவ்வளவு நீளம் இருக்கணும்னு சட்டம் போடக்கூடப் பாத்தாங்களாம்.

"இது ஃபேஷன் மட்டும் இல்ல செல்வி. இனிமே என் உடம்பைப் பாத்து என்னை அளக்காதேன்னு சொல்றாங்க."

கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா டாட் பிடிக்காம தைக்கிறது எனக்குக் கை வரல. பழக்க தோஷம். அழுதுக்கிட்டே சாம்பிளைப் பிரிச்சேன்னு சொன்னாலும் தப்பில்ல.

2. பின்வாசல்

அளவு எடுக்க ஒத்திகை நடக்குற ஹாலுக்குப் போனேன். ஒரு நாள் வேலை. ஆனா அடுத்தடுத்து நாலஞ்சு தடவை போயிட்டேன். வேடிக்கை பாக்கத்தான், வேறென்ன.

முதல் காட்சி மதுவிலக்கு. அமெரிக்காவுல நாடு முழுக்க சாராயத்தைத் தடுத்துட்டாங்க. தடுத்ததும் என்ன ஆச்சு? பூட்டின கதவுக்குப் பின்னால பார் நடந்துச்சு, ரவுடி பணக்காரன் ஆனான், போலீஸ்காரன் கையை நீட்டினான். பொம்பளைங்க தொடையில பட்டை கட்டி அதுல சின்ன பாட்டிலைச் சொருகிக்கிட்டாங்க. ஹெலன் இதையெல்லாம் பெரிய அதிசயம் மாதிரி சொன்னாங்க.

"இதுல என்ன இருக்கு? எங்க ஊர்லயும் தடுத்தாங்க, திறந்தாங்க, திரும்பத் தடுத்தாங்க. கள்ளச்சாராயம்னா என்னன்னு என்கிட்ட கேளுங்க"ன்னேன். ஹெலன் நோட்டை எடுத்துக்கிட்டு நிஜமாவே கேக்க உக்காந்துட்டாங்க. அன்னைக்கு நான்தான் டீச்சர்.

சாக்ஸபோன் வாசிக்க ஒருத்தர் வருவாரு, மார்கஸ். கறுப்பர், சிகாகோவுல பிறந்தவர். இங்க ஒரு நியூசிலாந்துப் பொண்ணைக் கட்டிக்கிட்டு ஒனிஹங்காவுல இருக்காரு. அவரோட வெயிஸ்ட்கோட்டை நான் சின்னது பண்ண வேண்டியிருந்துச்சு. முதுகுப் பட்டையில ஊசி குத்திக்கிட்டு இருந்தப்ப, பேச்சுவாக்குல அவரோட கொள்ளுத்தாத்தா கதையைச் சொன்னாரு. அவர் தெற்குல பருத்திக் காட்டுல இருந்து ரயிலேறி சிகாகோவுக்கு வந்தவர். அந்தக் காலத்துல லட்சக்கணக்கான பேர் அப்படி வடக்க வந்தாங்களாம், அடிக்கும் அவமானத்துக்கும் பயந்து. வந்த இடத்துல இவர் கிளப்புல வாசிச்சாரு.

"கிளப் முழுக்க வெள்ளைக்காரங்க. அவங்க ஆடுறது எங்க பாட்டுக்கு. ஆனா எங்க ஆளுங்க உள்ள உக்காந்து கேக்க முடியாது. வாசிக்கிறவர் பின்வாசல் வழியா, சமையல்கட்டு தாண்டித்தான் வரணும்."

நான் குத்தின ஊசியை அப்படியே பிடிச்சுக்கிட்டு நின்னேன். எங்க ஊர் டீக்கடையில ரெட்டை டம்ளர் இருந்துச்சு. சிலருக்கு உள்ள பெஞ்சுல கண்ணாடி டம்ளர், சிலருக்கு வெளிய நின்னு தனி டம்ளர். நான் உள்ள குடிச்ச பக்கம். அதை அவர்கிட்ட சொன்னேன். சொல்லாம இருந்திருக்கலாம், ஆனா சொல்லணும்னு தோணுச்சு. அவர் முன்னால இருந்த கண்ணாடி வழியா என்னைப் பாத்தாரு.

"அப்ப உங்களுக்கு விளக்க வேண்டியதில்ல"ன்னாரு.

ஓட்டு காட்சியப்பவும் அவர்தான் ஹெலனை நிறுத்தினாரு. "பொம்பளைங்களுக்கு ஓட்டு வந்துச்சுன்னு மொட்டையா சொல்லாதீங்க ஹெலன். தெற்குல என் கொள்ளுப்பாட்டி ஓட்டுப் போடப் போயிருந்தா விரட்டி அடிச்சிருப்பாங்க." ஹெலன் அந்த வசனத்தை மாத்தினாங்க. மாத்திட்டு, "பேண்ட் குழு மேடைக்குப் பின்பக்கமா வரக்கூடாது. முன்வாசல்ல நுழைஞ்சு ஜனங்க நடுவுல நடந்து வரட்டும்"னாங்க. எனக்கு அவங்களை ரொம்பப் பிடிச்சுப் போச்சு.

3. ஜெயாக்கா

அந்த எட்டுப் பேர்ல ஒருத்தர் தமிழ். யாழ்ப்பாணம். பேரை மாத்தி ஜெயாக்கான்னு வைச்சிருக்கேன். இதை எழுதட்டுமான்னு கேட்டப்ப, "எழுதுங்கோ, பேரை மட்டும் மாத்துங்கோ. சனத்துக்குக் கதைக்க வேற விசயமில்லை"ன்னு சொன்னாங்க. அறுபது தாண்டினவங்க. சண்டை நேரத்துல அகதியா வந்து, ரெஸ்ட் ஹோம்ல வயசானவங்களைப் பாத்துக்கிற வேலையில இருந்து ரிட்டயர் ஆனவங்க. வெயில் கொளுத்துற நாள்லயும் தொளதொளன்னு ஒரு கம்பளிக் கார்டிகன் போட்டிருப்பாங்க.

ஹெலன் முதல்ல அவங்களை வேற காட்சிக்குத்தான் கேட்டாங்க. அதே பத்து வருஷத்துலதான் அமெரிக்கா வெளிநாட்டுக்காரங்களுக்குக் கதவைச் சாத்துச்சு. எந்த நாட்டுக்காரன் எத்தனை பேர் வரலாம்னு ஒரு கணக்கு வைச்சு, ஆசியாக்காரங்களை வரவே கூடாதுன்னு சட்டம் போட்டாங்க. பெட்டியோட வரிசையில நிக்கிற பொம்பளை வேஷம் ஜெயாக்காவுக்குப் பொருத்தமா இருக்கும்னு ஹெலன் நினைச்சாங்க.

"ஹெலன், நான் உண்மையா ஒருக்கா அந்த லைன்ல நிண்டனான். அது காணும். என்னை டான்ஸில விடுங்கோ"ன்னு ஜெயாக்கா சொல்லிட்டாங்க. இங்கிலீஷ்லதான் சொன்னாங்க. எனக்குத் தமிழ்ல திரும்பச் சொல்லிக் காட்டி ரெண்டு பேரும் சிரிச்சோம். 'காணும்'னா அவங்க ஊர்ப் பேச்சுல 'போதும்'.

மத்த ஏழு பேருக்கும் ஹால்லயே டேப் வைச்சு அளவு எடுத்தேன். ஜெயாக்கா மட்டும் நிக்கல. "நான் உங்கடை வீட்டை வாறன்"னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. சொன்ன மாதிரி வந்தாங்க. கையில ஒரு பை. அதுக்குள்ள மயில்கழுத்து நிறத்துல ஒரு ஜார்ஜெட் சேலை, ஒரு பிளவுஸ்.

"சட்டைக்கு இந்தச் சீலையை வெட்டுங்கோ செல்வி."

"அக்கா, நல்ல சேலையை யாராவது வெட்டுவாங்களா? கிழிசல்கூட இல்ல. ஹெலன் க்ரேப் துணி வாங்கிக் குடுத்திருக்காங்க."

"நான் இப்ப சீலை கட்டுறேல்லை. அலுமாரியில சும்மா கிடக்குது. வெட்டுங்கோ."

"சரி, அளவு எடுக்கட்டுமா?"

"அளவுச் சட்டை கொண்டந்தனான். அதிலை பாருங்கோ."

இதை நம்ம ஊர்ல தைக்கிற யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. நம்ம பொம்பளைங்க பாதிப் பேர் டேப்பைக் கிட்ட விட மாட்டாங்க. நல்லாப் பொருந்துற பிளவுஸ் ஒண்ணைக் குடுத்து, 'இதே மாதிரி'ம்பாங்க. அளவு பிளவுஸ் கையில இருந்தா ஆளே வேண்டாம். ஆள் சென்னையில, பிளவுஸ் மட்டும் கூரியர்ல வந்து, நான் தைச்சு அனுப்பினது எத்தனையோ. ஜெயாக்கா குடுத்தது அருமையான தையல். நாலு டாட், நூல் பிடிச்ச மாதிரி. தைச்சவர் கையைக் கும்பிடலாம். கொக்கியில மட்டும் லேசா துரு. ஆக்லாந்து ஈரத்துக்குத் துருப்பிடிக்காதது எதுன்னு விட்டுட்டேன்.

ஏழு சட்டையைப் பல்லைக் கடிச்சுக்கிட்டு டாட் இல்லாம முடிச்சேன். எட்டாவது ஜெயாக்காவோடது. அந்த அளவு பிளவுஸை டேபிள்ல விரிச்சதும் என் கை கேக்கல. இவ்வளவு அழகா தைச்ச பிளவுஸைப் போட்டுப் பழகினவங்களுக்குப் போய் சாக்கைத் தைச்சுக் குடுக்குறதா? நம்ம பொம்பளை ஒருத்திக்காவது உடம்போட நிக்கிற மாதிரி தைப்போம்னு தோணுச்சு. எட்டுப் பேர் ஆடுறப்ப ஒரு டாட் ஹெலனுக்குத் தெரியவா போகுது? அவங்க சேலையை வெட்டி, முன்பக்கம் ரெண்டு டாட் பிடிச்சேன். பிடிச்சு அயர்ன் போட்டு, அழகு பாத்து, ஹாங்கர்ல மாட்டினேன்.

4. பையில திரும்பி வந்தது

ஜெயாக்கா ஹால்ல போட்டுப் பாக்கல. வீட்டுக்கு எடுத்துட்டுப் போனாங்க. ரெண்டு நாள் கழிச்சு அதே பையோட கராஜ் வாசல்ல நின்னாங்க.

"செல்வி, இதை வேறை ஆருக்கும் குடுங்கோ. நான் விலகிறன். ஹெலனுக்கு இன்னும் சொல்லேல்லை."

எனக்குச் சுருக்குனு வந்துச்சு. உண்மையைச் சொல்றேன், முதல்ல வந்தது ரோஷம்தான். "என்னக்கா, என்ன குறை? உங்க பிளவுஸுக்கும் இதுக்கும் நூலளவு வித்தியாசம் காட்டுங்க பாப்போம்"னேன்.

"சட்டையில பிழை இல்லை. சரியாத்தான் தைச்சிருக்கிறியள்."

"அப்ப?"

மெஷின்ல இருந்த பொண்ணு ரெண்டு பேரும் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தாங்க. ஜெயாக்கா சுத்திப் பாத்துட்டு, கராஜ் கதவைப் பாதி இறக்கச் சொன்னாங்க. இறக்கினேன். கார்டிகனைக் கழட்டிட்டு, உடுப்புக்கு மேலயே அந்தச் சட்டையைப் பிடிச்சுக் காட்டினாங்க. வலப்பக்க டாட் பொருந்தி நின்னுச்சு. இடப்பக்க டாட் வெறும் காத்துல குழிஞ்சு மடங்குச்சு.

"இடப்பக்கம் எடுத்துப்போட்டினம். கான்சர். வருசக்கணக்காச்சு. உங்களிட்டைத் தந்தது அதுக்கு முந்தின சட்டை."

சட்டையை வாங்கி டேபிள்ல வைச்சேன். அவங்க மேல சொன்னாங்க, ரெஸ்ட் ஹோம்ல மருந்து நேரம் சொல்ற குரல்ல. ஆபரேஷனுக்குப் பிறகு கை மேல எழும்பலையாம். கையை ஆட்டி அசைக்கணும்னு நர்ஸ் சொன்னதால ஹால்ல நடந்த டான்ஸ் கிளாஸ்ல சேந்தாங்க. மெதுமெதுவா கை எழும்புச்சு. சேலை மட்டும் கட்டல, பிளவுஸ் தைக்கப் போனா அளவு எடுக்க நிக்கணுமே. ஆஸ்பத்திரியில குடுத்த செயற்கை மார்பு ஒண்ணு இருக்கு, அது கனம், ஆடினா இடம் மாறுது.

"ஹெலன் அண்டைக்குச் சொன்னவா, அந்தக் காலத்துப் பொம்பிளையள் நெஞ்சை வரிஞ்சு கட்டித் தட்டையா நிக்க ஆசைப்பட்டவையாம். எனக்குப் பாதி வேலை ஏற்கனவே முடிஞ்சுது எண்டு நினைச்சன்."

சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். சிரிச்சுக்கிட்டே ரெண்டு பேருக்கும் கண்ணுல தண்ணி வந்துருச்சு.

"அந்த ஒரு டான்ஸுக்கு ஒண்டும் வைக்காமல், உள்ளபடி நிக்கலாம் எண்டு எவ்வளவு ஆசைப்பட்டனான் தெரியுமே? நீங்கள் டாட் வைச்சு இல்லாததைத் திருப்பிக் குடுத்திட்டியள்."

அவங்க கோபமா சொல்லல. அதான் இன்னும் உறைச்சுது. எட்டுப் பேர்ல ஏழு பேருக்கு ஹெலன் கேட்டதைத் தைச்சேன். அதை நெஜமாவே கேட்டு வந்த ஒருத்தருக்கு மட்டும் நான் என் இஷ்டத்துக்குத் தைச்சேன். அதுவும் பாசத்துல.

ஆறுதல் சொல்ல எனக்கு வராது. வாயைத் திறந்தா எக்குத்தப்பா ஏதாவது வந்துரும். தெரிஞ்சதைச் சொன்னேன்.

"அக்கா, நில்லுங்க. டேப் எடுத்துட்டு வரேன்."

பையைக் கீழ வைச்சாங்க. நின்னாங்க.

5. கோணலா ஒரு கோடு

டாட்டைப் பிரிச்சுட்டா வேலை முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க. ஜார்ஜெட்டுல ஒரு தடவை ஊசி இறங்கினா ஓட்டை நிக்கும். பிரிச்சுப் பாத்தா முன்பக்கம் ரெண்டு கோடு புள்ளி புள்ளியா தெரியுது. மிச்சச் சேலையைக் குஞ்சத்துக்கும் உள்துணிக்கும் வெட்டியாச்சு, துண்டு துணிதான் கிடக்கு.

ஹெலனைக் கேக்கலாமான்னு ஜெயாக்காகிட்ட அனுமதி வாங்கிக்கிட்டு போன் பண்ணினேன். விஷயத்தை நான் முழுசா சொல்றதுக்கு முன்னாடியே ஹெலன் புரிஞ்சுக்கிட்டாங்க. அந்தக் காலத்துச் சட்டைங்கள்ல மணி வேலை எப்பவும் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது, கோணலா ஓடும், அதுவும் அன்னைக்குப் புதுசுன்னாங்க. அது போதும் எனக்கு. மணி கோக்க நம்ம கொக்கி ஊசி ஆரி வேலை இருக்கே. மரச்சட்டத்துல துணியை இழுத்துக் கட்டி, வலது தோள்ல இருந்து இடது தொடை வரைக்கும் வெள்ளி மணியில சாய்வா அகலமா ஒரு பட்டை போட்டேன். அதுலயே கிளை பிரிச்சு ஓட்டை எல்லாத்தையும் மூடினேன். பாக்குறவங்க கண்ணு அந்தக் கோட்டைப் பிடிச்சுக்கிட்டே கீழ இறங்கிடும். எங்கயும் நிக்காது.

ஆர்ம்ஹோல், அதான் கை நுழையுற ஓட்டை, இன்னொரு விஷயம். கை இல்லாத சட்டை, தழும்பு தெரியக்கூடாது. அதனால அக்குள்கிட்ட மிச்சத் துண்டை ஒட்டுக் குடுத்து ஆர்ம்ஹோலை நல்லா மேல ஏத்தினேன். சின்னதா வைச்சா கை தூக்க முடியாதுன்னு புதுசா தைக்கிறவங்க நினைப்பாங்க. நேர்மாறு. இறக்கமா வெட்டினாத்தான் கை தூக்கும்போது சட்டை முழுக்க மேல ஏறும். உடம்பை ஒட்டி உயரமா வெட்டினா கை தனியாப் போகும், சட்டை தன் இடத்துல நிக்கும். இதை ஒரு தடவை தைச்சுப் பாத்துட்டு என்கிட்ட சண்டைக்கு வாங்க.

முடிச்சதும் ஜெயாக்கா கராஜ்லயே போட்டுப் பாத்தாங்க. உள்ள எதுவும் வைக்கல. துணி தோள்ல இருந்து தண்ணி மாதிரி இறங்குச்சு. எந்த இடத்துலயும் 'இங்க இது இருக்கணும்'னு அந்தச் சட்டை கேக்கல. நான் சாக்குன்னு திட்டின அதே சட்டைதான். கண்ணாடியில திரும்பித் திரும்பிப் பாத்தாங்க, முன்னால, சைடுல, முன்னால.

"இது காணும்"னாங்க.

6. சனிக்கிழமை மதியம்

காட்சி சனிக்கிழமை மதியம். நான் மேடை ஓரத்துல இடுப்புல ஊசி மெத்தை, கையில பின்னு, வாயில நூலோட நின்னேன். ஒருத்தருக்குக் குஞ்சம் அவிழ்ந்துச்சு, ஒருத்தருக்குத் தொடைப் பட்டை நழுவுச்சு. பாட்டில்ல இருந்தது ஆப்பிள் ஜூஸ்தான், கவலைப்படாதீங்க. ஹால் கதவைத் திறந்துக்கிட்டு மார்கஸும் பேண்டும் முன்வாசல் வழியா வாசிச்சுக்கிட்டே வந்தாங்க. ஜனங்க எந்திரிச்சு நின்னாங்க. அவர் என்னைத் தாண்டும்போது வெயிஸ்ட்கோட்டைத் தட்டிக் காட்டிட்டுப் போனாரு.

டான்ஸுக்கு எட்டுப் பேரும் வந்தாங்க. முழங்காலை உள்ளயும் வெளியயும் ஆட்டி, காலை உதறி உதறி ஆடுற ஆட்டம். ஜெயாக்கா ரெண்டாவதா நின்னாங்க, கார்டிகன் இல்லாம. பேரப் பிள்ளை இருக்கிற வயசு, கால் ஒரு தாளம் பிந்தித்தான் வந்துச்சு. யார் பாத்தா? கடைசியில எல்லாரும் ரெண்டு கையையும் மேல தூக்கணும். நான் வாயில இருந்த நூலை எடுத்துட்டேன். வலக்கை போச்சு. இடக்கையும் போச்சு, முழுசா, விரல் நுனி வரைக்கும். சட்டை அசையல. வெள்ளிக் கோடு மேல இருந்து கீழ மின்னுச்சு.

முன் வரிசையில அவங்க வீட்டுக்காரர் சிவமண்ணை. கை தட்டல. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே இருந்தாரு. அப்புறம் என்கிட்ட வந்து, "நல்லா தைச்சிருக்கிறியள் பிள்ளை"ன்னு மட்டும் சொன்னாரு. எனக்கு இந்த நாட்டுல கிடைச்ச பேர்லயே அதுதான் பெருசு.

7. அளவு

இப்ப என் கராஜ்ல ஒரு வழக்கம் வைச்சிருக்கேன். அளவு பிளவுஸ் கொண்டு வந்தா வாங்கிக்குவோம். ஆனா டேப்பும் எடுப்போம், வேண்டாம்னா ஏன்னு கேக்க மாட்டோம், "இது எப்ப தைச்சது?"ன்னு மட்டும் கேப்போம். அளவு பிளவுஸ்ல இருக்கறது அதைத் தைச்ச அன்னைக்கு இருந்த ஆள். எதிர்ல நிக்கிறது வேற ஆளா இருக்கலாம். நல்லாத் தைக்கிறேன்ங்கற நினைப்புல நாம தைக்கிறது நமக்குப் பிடிச்ச உடம்புக்கு. போடப் போறவங்க உடம்பு எதைக் கேக்குதுன்னு அவங்க வாயாலதான் வரணும். அமெரிக்கப் பொம்பளைங்க ஒரு நூறு வருஷத்துக்கு முன்னாடி தையக்காரங்களுக்குச் சொன்னதும் அதுதான் போல. எனக்குக் கேக்க லேட் ஆச்சு.

அந்தக் காட்சி முடிஞ்சு கொஞ்ச நாள்ல ஜெயாக்கா வந்தாங்க. அவங்க தங்கச்சி மகனுக்குக் கல்யாணம். கையில அரக்கு நிறப் பட்டுச் சேலை, பிளவுஸ் பீஸை வெட்டாம அதோடயே இருந்துச்சு.

"பழைய அளவுச் சட்டை உங்களிட்டைத்தானே கிடக்குது?"

"பத்திரமா இருக்குக்கா. எடுத்துத் தரட்டுமா?"

"வேண்டாம். அதாலை மெசின் துடையுங்கோ."

சேலையை வாங்கி டேபிள்ல வைச்சேன். எத்தனை வருஷப் பழக்கம், கை தானா நீண்டுருச்சு. "அளவு பிளவுஸ் குடுங்கக்கா"ன்னேன். சொன்னதும் நாக்கைக் கடிச்சுக்கிட்டேன்.

ஜெயாக்கா கார்டிகனைக் கழட்டி ஸ்டூல் மேல போட்டாங்க. கராஜ் கதவு முழுசா திறந்துதான் இருந்துச்சு. ரெண்டு கையையும் பக்கவாட்டுல விரிச்சுக்கிட்டு என் முன்னால நின்னாங்க.

"நான்தான் அளவு. எடுங்கோ."